பட்டையைப் பார்க்காதே, விளிம்பைப் பார்

பெருந்துறை

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய படத்தை இங்கே வந்துதான் நிதானமாகப் பார்த்தேன். பொன்முலாம் மங்கிய சின்னப் பட்டை. அதில் ‘செடான்’ என்று ஊர்ப்பெயர். 1870 பிரெஞ்சு–ஜெர்மன் போரில் ஜெர்மன் சிப்பாய் ஒருவன் மார்பில் இருந்ததாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் எனக்குப் பெருந்துறையில் கிடைத்தது.

ஒரு கல்யாணத்துக்காக வந்தேன். ஒரு பக்கம் சிப்காட் ஆலைகள், இன்னொரு பக்கம் கொப்பரை ஏலம்; சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதே இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு பெரியவர். எனக்குப் பழம்பொருள் பைத்தியம் உண்டென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “எங்க ஊட்ல ஒரு மெடலு கெடக்குதுங்க. வெள்ளி வெலை ஏறிக் கெடக்குது, உருக்கிப் போட்டரலாம்னு பையன் சொல்றானுங்க. ஒருக்கா வந்து பாருங்களேன்” என்றார். போனேன்.

மஞ்சள் துணியிலிருந்து அவிழ்த்தது, 1854இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம். 36 மில்லிமீட்டர் வெள்ளி வட்டம். ஒருபுறம் விக்டோரியா ராணி, மறுபுறம் வீரனுக்கு முடிசூட்டும் வெற்றித் தேவதை. ரிப்பனில் சிவப்பு நடுவே இரண்டு நீலக் கோடுகள். அதன் கீழே ‘பர்மா 1885–7’ என்ற பட்டை. சேகரிப்பவர்கள் கிளாஸ்ப் என்பது இதைத்தான். பெரியவரின் பாட்டனுக்கு அப்பா மெட்ராஸ் காலாட்படையில் பர்மா போனவராம். 1885 நவம்பரில் மாண்டலே விழுந்து தீபா மன்னர் சரணடைந்தார். ஆனால் காட்டுச் சண்டை அதற்குப் பிறகுதான் வலுத்தது. கிளாஸ்பில் இரண்டு ஆண்டுகள் இருப்பதன் காரணம் அதுவே.

லென்ஸை எடுத்து நான் முதலில் பார்த்தது கிளாஸ்பை அல்ல, விளிம்பை. படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் சாய்ந்த கூட்டெழுத்தில் செதுக்கியிருந்தது. அந்தப் போருக்கு இந்தியப் படைகளுக்குத் தந்த பதக்கங்களில் வழக்கமான எழுத்துதான். பழைய பெயரை அராவிவிட்டுப் புதுப்பெயர் வெட்டியிருந்தால் விளிம்பு அந்த இடத்தில் மெலிந்திருக்கும். வெர்னியர் வைத்தால் விட்டம் குறையும். இதில் குறையவில்லை. கிளாஸ்பின் ரிவெட்டுகளிலும் புதுப் பற்றவைப்பு இல்லை. இனி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ள பதக்கப் பட்டியலோடு பெயரை ஒத்துப்பார்க்க வழி இருக்கிறது.

இப்போது உன் செடானுக்கு வருகிறேன். 1870–71 போர்ப் பதக்கத்தை ஜெர்மானியர்கள் போர் முடிந்த கையோடு கொடுத்தார்கள். களத்தில் நின்றவர்களுக்குப் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த பீரங்கியை உருக்கி வார்த்த வெண்கலம், மற்றவர்களுக்கு எஃகு. இந்த ஏற்றத்தாழ்வு நம் பக்கமும் உண்டு. பர்மா பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளி, கூடப்போன சுமையாளுக்கு வெண்கலம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்குக் கம்பெனி அடித்த பதக்கம் பெரிய தளபதிகளுக்குத் தங்கம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். திப்புவின் பக்கம் நின்ற தீரன் சின்னமலையின் ஓடாநிலை ஊர் இங்கிருந்து பக்கந்தான் என்பதால் அதுவும் நினைவுக்கு வந்தது.

ஜெர்மன் கிளாஸ்ப் வந்ததோ கால் நூற்றாண்டு கழித்து. 1895இல், போரின் வெள்ளிவிழாவை ஒட்டி, இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் 25 கிளாஸ்ப்களுக்கு அனுமதி தந்தார்: வோர்த், கிராவலோட், செடான், மெட்ஸ், பாரிஸ் என்று. அதற்குள் இறந்துபோன வீரர் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். உயிரோடிருந்தவர் தகுதியைக் காட்டித் தன் காசில் கடையில் வாங்கிக்கொண்டார். பல பட்டறைகள் செய்ததால் முலாமின் நிறம், எழுத்தின் தடிப்பு, பின்பக்கக் கொக்கி எல்லாமே அசலிலேயே வேறுபடும். ஆகவே ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு அசல், போலி என்று பிரிக்க முடியாது. வெண்கலப் பதக்கத்தின் விளிம்பிலும் பெயர் இல்லை. பிடிபட்ட பீரங்கியால் ஆனது என்ற வாசகம் மட்டுமே. யாருடைய மார்பில் இருந்தது என்பதை உடன் வரும் சான்றிதழ்தான் சொல்லும்.

எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் இருந்தால் அச்சில் வார்த்த போலி. அவை இல்லாததாலேயே அசல் ஆகிவிடாது. உன் படத்தில் ரிப்பன் இல்லை, பதக்கம் இல்லை, காகிதம் இல்லை. வெறும் பட்டைக்கு நீ சொன்ன விலை அதிகம்.

பெரியவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். புளி போட்டுத் துலக்க வேண்டாம், விளிம்பெழுத்து தேயும். வெள்ளியா என்று பார்க்க உரைகல்லில் தேய்க்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டாம். நூறாண்டு தாண்டிய பொருளைத் தனியாள் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. விளிம்பை நாலு பக்கமும் படமெடுத்து, பெயரைப் பையனிடமே வாசித்துக் காட்டினேன். “எங்க பாட்டனய்யன் பேருங்களா இது?” என்றவன் அப்புறம் உருக்கும் பேச்சை எடுக்கவில்லை.

செடானை விட்டுவிடு. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் ஊர் அடகுக்கடைகளில் விளிம்பெழுத்தோடு ஏதாவது உருக்குவதற்குக் காத்திருக்கிறதா என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
உன் நண்பன்