எழுபது வளைவுகளும் நான்கு வோல்ட்டும்

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் நிறைந்த சாலையோரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. ஐம்பதைக் கடந்த அதன் உரிமையாளர் மேசை இழுப்பறையைத் திறந்து, தீப்பெட்டி அளவிலான பலகை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஒரு மூலை கருகியிருந்தது.

“வண்டி எங்க நிக்குதுன்னு சொல்ற ஜிபிஎஸ் பொட்டிங்க இது. பேட்டரி டெர்மினல் லூசாகி ஓட்டத்துல கழண்டுச்சு, பொட்டி போச்சு. ஓனரு டிரைவரத்தான் புடிச்சாரு, நீதான் வயரப் புடுங்கிட்டேன்னு. எத்தன சொல்லியும் நம்பல.”

என்னுடன் வந்திருந்த இளம்பெண் அந்தப் பலகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில், இத்தகைய கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியை வடிவமைப்பவர் அவர். புதிய சுற்று ஒன்றைக் கொல்லிமலைப் பாதையில் ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே நானும் கிளம்பினேன்.

கருகலுக்கான காரணத்தை அவர் விளக்கினார். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது அது 28 வோல்ட் அளவுக்கு ஏறும். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரத்தை வாரி இறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பி கழன்றால், மடை சட்டென்று அடைபட்ட வாய்க்கால் மாதிரிதான். வந்த வேகம் வேறெங்காவது கரையை உடைக்கும். ‘லோடு டம்ப்’ என்று இதற்குப் பெயர். 24 வோல்ட் வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை வைக்கும் சோதனையில் இந்த எழுச்சி 151 முதல் 202 வோல்ட் வரை போகிறது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் சிப் வெந்துவிடும்.

அவருடைய பலகையில் மின்சாரம் நுழைந்ததும் முதலில் ஃபியூஸ். அடுத்து, கம்பியைத் தலைகீழாக மாட்டினாலும் காப்பாற்றும் மாஸ்ஃபெட். பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு டிவிஎஸ் டயோடு. எழுச்சி வந்தால் அதைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு ஐம்பது சொச்சம் வோல்ட்டில் மடக்குவது இதன் வேலை. ஆகவே அதற்குப் பின்னால் நிற்கும் பக் கன்வர்ட்டர் 60 வோல்ட்டாவது தாங்கியாக வேண்டும். அது 24 வோல்ட்டை நான்கு வோல்ட்டாக இறக்குகிறது. பழைய பாணி லீனியர் ரெகுலேட்டரில் மிச்ச 20 வோல்ட்டும் வெறும் சூடாகப் போகும். 200 மில்லி ஆம்பியர் ஓடினாலே நான்கு வாட். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

எலக்ட்ரீஷியன் வேறொரு கவலையைச் சொன்னார். “ராத்திரி வண்டிய நிறுத்தி கட்-ஆஃப் ஸ்விட்சப் போட்டா, ‘கரண்ட் கட்’டுன்னு ஓனருக்கு மெசேஜ் போகுதுங்க அம்மிணி. அதுக்கும் டிரைவருக்குத்தான் திட்டு.”

“ஸ்விட்சுக்கு முன்னாடி, பேட்டரி பக்கமே குடுத்துருங்கண்ணா.”

“குடுத்தா? பத்து நாள் லோடு இல்லாம நின்னா பேட்டரி எறங்கிடாதுங்களா?”

அம்மிணி அங்கேயே கணக்குப் போட்டார். வண்டி நிற்கும்போது கருவி 50 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, பத்து நாளில் 12. தூங்கும்போது 5 மில்லி ஆம்பியர் என்றால் பத்து நாளைக்கும் சேர்த்தே 1.2 தான். “அஞ்சுக்குள்ள வெச்சிருக்கேங்கண்ணா” என்றார். எலக்ட்ரீஷியன் தலையசைத்துவிட்டுக் கருவியின் சிவப்புக் கம்பியை லாரியின் பேட்டரியிலேயே முறுக்கினார். கறுப்புக் கம்பியை பாடியில் எர்த் செய்யவில்லை. துருவும் பெயின்ட்டும் நடுவில் நிற்கும் என்று அதையும் பேட்டரி வரை இழுத்தார். இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் பழக்கத்தை அவர் ஒப்புவதில்லை. ஒரு பேட்டரி மட்டும் இளைத்துப்போகும்.

சிமென்ட் மூட்டை ஏற்றிய அந்த லாரி அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. என் கண் வளைவில் இருந்தது. அம்மிணியின் கண் மடிக்கணினியில். முன்னால் வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றபோது எஞ்சின் அணைந்துவிட்டது. ஓட்டுநர் செல்ஃப் எடுத்தார். திரையில் 24 என்ற எண் 16க்குச் சரிந்து எழுந்தது. கீழே ஓடிய நான்கு வோல்ட் கோட்டில் சலனமே இல்லை.

மேலே போகப் போக செல்போன் சிக்னல் தேய்ந்தது. மலைப்பாதையின் உண்மையான சோதனை இதுதான் என்றார் அம்மிணி. டவர் தூரமாகிவிட்டால் கருவி தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. 2ஜியில் பேசும்போது 4.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அரை மில்லி செகண்டுக்குச் சற்றே கூடுதலான நேரம், இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். அந்த இழுப்பில் மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மோடம் மயங்கி மறுபடி எழும். அதனால்தான் மோடத்தின் காலடியிலேயே பெரிய கெபாசிட்டர் ஒன்றை வைத்து, அதற்குப் போகும் செம்புத் தடத்தையும் அகலமாக இழுத்திருக்கிறார்.

ஓட்டுநர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தார். “இந்த மலையில அரைமணி நேரம் மேப்புல காணாமப் போயிருவேங்க. எங்க நிறுத்துன, எதை இறக்குனன்னு கேப்பாங்க. நான் எங்க நிறுத்தறது, இந்த வளைவுலயா?”

அவர் கேட்டது எனக்கு உறைத்தது. இதே பாதையில் ஒரு பேருந்து காணாமல் போனால் அது உயிர்ப் பிரச்சினை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் பேருந்துகளுக்கு இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். வண்டியின் மின்சாரம் அறுந்தாலும் உள்பேட்டரியில் குறைந்தது நான்கு மணி நேரம் கருவி உயிரோடிருக்க வேண்டும் என்கிறது ஏஐஎஸ் 140 தரநிலை. இதுபோன்ற ஒரு பாதையில் பேருந்து உருண்டு பேட்டரி பிய்ந்துபோனால், உள்ளே இருப்பவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல அந்த நான்கு மணி நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த உள்பேட்டரியான லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. நாமக்கல் வெயிலில் நிற்கும் லாரியின் டாஷ்போர்டு அதை எளிதில் தாண்டும். எனவே செல்லோடு ஒரு தெர்மிஸ்டர் ஒட்டியிருக்கிறது. சூடு ஏறினால் சார்ஜ் நிற்கும், தணிந்தால் தொடரும்.

மலைமேல் சோளக்காடு ஊரில் காற்று குளிர்ந்திருந்தது. சந்தையோரம் பலாப்பழமும் அன்னாசியும் குவிந்து கிடந்தன. அம்மிணி வரைபடத்தைத் திறந்தார். பாதையின் நடுவே பெரிய வெற்றிடம். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “பாத்தீங்களா?” என்றார். முகம் வாடியிருந்தது.

“கொஞ்சம் பொறுங்கண்ணா.”

சிக்னல் பிடித்தது. வழியில் மின்சாரம் ஒரு கணமும் தவறாததால் கருவி தன் நினைவில் சேர்த்து வைத்திருந்த புள்ளிகள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பத்து என்று வெற்றிடத்துக்குள் வந்து உட்கார்ந்து, கொண்டை ஊசி ஊசியாக மலை வரைபடத்தில் எழுந்தது. ஓட்டுநர் திரையில் விரல் வைத்துக் கீழிருந்து மேலே நகர்த்தினார். பேருந்துக்கு வழிவிட்ட வளைவில் விரல் நின்றது. ஒரே இடத்தில் நாலைந்து புள்ளிகள்.

“இங்கதானுங்க நின்னேன்” என்றார். “வேற எங்கயும் நிக்கல.”

நாங்கள் இருவரும் பார்த்தோம். வேறெங்கும் நிற்கவில்லை. அம்மிணி அந்தத் திரையைப் படமெடுத்து நாமக்கல் எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பினார்.