தேய்ந்தது தகடு மட்டுமே

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால், அண்மையில் எங்கள் இல்லத்தில் நடைபெற்ற ஒரு சிறு காரியத்தை இங்கே எழுதுகிறோம்.

1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1978ஆம் ஆண்டு உருவான புல்லட் ஒன்று எங்களிடம் உண்டு. வேலை நிமித்தம் புனேக்கு வந்த எங்கள் தந்தையார் அதனை இரயிலில் ஏற்றிக் கொணர்ந்தார். சில மாதங்களாகக் காத்ரஜ் மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் உறுமிற்றேயன்றி வண்டி விரையவில்லை. கருகல் நாற்றமும் எழுந்தது. பட்டறையில், "எஞ்சின் போய்விட்டது, விற்றுவிடுவதே நலம்" என்றார்கள். எண்பது வயதான தந்தையார், "அதற்கும் எனக்கும் காலம் ஆயிற்று, கொடுத்துவிடுங்கள்" என்று கூறிவிட்டு, அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

விற்குமுன் உண்மையை அறிய விரும்பினோம். எஞ்சின் முழங்கியும் சக்கரத்துக்கு வேகம் சேரவில்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது கிளட்சையே. கைப்பிடியில் கேபிளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி வேண்டும். அஃதின்றி இறுகியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும். எங்கள் வண்டியில் தளர்ச்சி சரியாகவே இருந்தது. ஆகவே குறை உள்ளே என்று தெளிந்தோம்.

ஒரு ஞாயிறன்று இடப்புறக் கால்தாங்கியையும் பிரேக் மிதியையும் கழற்றினோம். கீழே தட்டு வைத்து, மூடியின் ஒரே பெரிய நட்டை அவிழ்த்ததும் எண்ணெய் வடிந்தது. ஸ்பிரிங்குகளை எடுத்து, தகடுகளை வரிசை மாறாமல் செய்தித்தாளின்மேல் பரப்பினோம். உராய்வுத் தகடுகள் தேய்ந்து மெலிந்திருந்தன. தட்டையான எஃகுத் தகடுகளில் இரண்டு, சூட்டினால் நீலம் பாரித்து, கண்ணாடிமேல் வைத்தபோது ஆடின. நாற்காலியில் அமர்ந்திருந்த தந்தையாரிடம் எங்கள் மகள் ஒரு தகட்டைக் கொடுத்து, "தாத்தா, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, தேய்ந்தது இதுதான்" என்றாள். அவர் அதனை நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

புதிய தகடுகள் வாங்கி, அடுத்த சனிக்கிழமை இரவு உராய்வுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்தோம். மறுநாள், கழற்றிய வரிசையிலேயே மாறி மாறி அடுக்கினோம். ஸ்பிரிங்குகளைச் சமமாக இறுக்குவதே இதில் நுட்பம். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல மிதித்தால், வெளித்தட்டு தள்ளாடாமல் சுழல வேண்டும். எப்பக்கம் சாய்கிறதென்று பார்த்துக் கூறியவர் தந்தையார், இறுக்கியவள் பேத்தி. மூடிக்குப் புதிய ரப்பர் வளையம் இட்டு எண்ணெய் ஊற்றினோம். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் எண்ணெய் இதற்கு ஆகாது. கிளட்ச் மீண்டும் வழுக்கும்.

தேய்வதற்கென்றே அமைந்த ஓர் உறுப்பு தேய்ந்ததைக் கண்டு, முழு வண்டிக்கும் முடிவு கட்டுதல் முறையன்று. விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. தந்தையார் இனி வண்டி ஓட்டப்போவதில்லை. எனினும், ஞாயிறுதோறும் பேத்திக்கு ஒவ்வோர் உறுப்பாகக் கற்பிக்க இசைந்திருக்கிறார். அடுத்த பாடம் கார்புரேட்டர் என்று அறிகிறோம்.