கவிழ்தும்பை

ஆனேக்கலைச் சுற்றியுள்ள கேழ்வரகுக் கொல்லைகளின் வரப்பிலும், இருப்புப்பாதையோரத்துச் சரளை மண்ணிலும், மழைக்குப்பின் தழைத்து நிற்கும் ஒரு பூண்டை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். இலை, தண்டு, புல்லிவட்டம் எங்கணும் முரட்டு வெண்மயிர். தொட்டால் கையை உறுத்தும். மலரோ மெல்லிய இளநீலம். நிலத்தை நோக்கிக் கவிழ்ந்தே மலர்வதால் கவிழ்தும்பை எனப் பெயர்பெற்றது. வடமொழியிலும் அதோபுஷ்பி, கீழ்நோக்கும் பூ என்றே கூறுவர். இங்குள்ள கன்னட நண்பர்கள் இதனைக் 'கத்தெ தும்பெ' என்கின்றனர்; கழுதைத்தும்பை என்பது பொருள். தமிழிலும் அவ்வழக்கு உண்டு. எங்கள் பிள்ளைகள் கன்னடப் பெயரையே முதலில் கற்றனர். செடியின் பெயரே தெரியாதிருப்பதினும் அது நன்றே.

தும்பை என்று பெயரிருப்பினும் இது சிவபூசைக்குரிய தும்பை அன்று. அது துளசியின் குடும்பம். இது போரேஜ் என்னும் வேறு குடும்பம். 1753இல் லின்னேயஸ் இதனைப் போரேஜ் செடியோடே சேர்த்து எழுதினார். 1810இல் ராபர்ட் பிரவுன் ட்ரைக்கோடெஸ்மா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். மயிர்க்கட்டு என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். மலரை நிமிர்த்திப் பார்த்தால் மகரந்தப் பைகள் மயிரால் பிணைக்கப்பட்டு, நுனி முறுக்கிக் கூம்பாக நிற்பதைக் காணலாம். பிள்ளைகளுக்கு அது பெரும் வியப்பு.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் அன்னையாருக்கு முழங்கால் வீங்கியது. ஊரில் இச்செடியின் வேரை அரைத்து வீக்கத்தின்மேல் பற்றிடுவது பழைய வழக்கம். அதில் எங்களுக்குத் தடையில்லை. ஆனால் அண்டைவீட்டு அம்மையார் ஒருவர், ஒரு மண்டலம் கஷாயமாகவே பருகினால் நோய் வேரோடு போகும் என்றார். வீட்டில் வழக்கு எழுந்தது. "உன் பாட்டனார் குடிக்கவில்லையா?" என்றார் அன்னை.

நாங்கள் மறுத்ததற்குக் காரணம் உண்டு. போரேஜ் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் பைரோலிசிடின் என்னும் வகை நஞ்சு உள்ளது. அவற்றுள் ஒன்றுக்கு இப்பேரினத்தின் பெயராலேயே ட்ரைக்கோடெஸ்மின் என்று பெயர். உடனே கொல்லாது, கல்லீரலைச் சிறுகச் சிறுக அரிக்கும். 1974 முதல் ஆப்கானிஸ்தானின் வடமேற்கில், வறட்சிக்குப்பின் கோதுமை வயல்களில் மண்டிய செடியொன்றின் விதை மாவில் கலந்துவிட்டது. அச்செடி நம்மூர்த் தேள்கொடுக்கின் உறவு. ஏறத்தாழ 7,200 பேரைச் சோதித்ததில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் நோய் காணப்பட்டது. அவர்கள் உண்டது நாள்தோறும் உண்ணும் ரொட்டிதான். ஒரு மண்டலக் கஷாயமும் நாள்தோறும் பருகுவதல்லவா?

அன்னையார் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரிடம் வர இசைந்தார். பற்றை மட்டும் விடவில்லை. அதற்கெனக் கொல்லைப்புறத்தில் தனியே ஒரு கல் கிடக்கிறது. சமையலறை அம்மி அருகே அவ்வேரைக் கொண்டுவர இப்பொழுது அவரே எவரையும் விடுவதில்லை.