ரிட்டயர் ஆகாத கைகள்



"மலருக்கு யாராவது பெரிய மனுஷரைப் பற்றி எழுதுடா, சினிமாக்காரர் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் கட்டளை போட்டுவிட்டார். அப்துல் கலாமைப் பற்றி ஏற்கனவே மூன்று பேர் எழுதுகிறார்களாம். அதனால் நான் மூளைக் கட்டி ஆபரேஷன் நிபுணர் டாக்டர் பி. ராமமூர்த்தியை எடுத்துக்கொண்டேன். "யாருப்பா அது?" என்றான் எலக்ட்ரிகல் நண்பன். கேட்பான் என்று தெரியும்!

1922-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னையில் டாக்டருக்குப் படித்து, இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் மூளை அறுவை சிகிச்சை கற்று வந்து, 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்து வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் பிரிவை ஆரம்பித்திருந்தார். 1951-ல் இந்த இருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் என்ற டாக்டர்களோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உண்டாக்கினார்கள். மொத்தமே நாலு பேர். நம்ம கேன்டீனில் ஒரு டீயைப் பங்கு போடவே அதைவிட ஆள் அதிகம்!

அந்தக் காலத்தில் கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு, மூளைக்குள் இருக்கும் நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்றின் நிழல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், எதிர்ப்பக்கத்தில் கட்டி இருக்கலாம் என்று கணக்கு. நோயாளிக்குத் தலைவலி உயிரைப் பிடுங்கும். அந்த நிழலை நம்பித்தான் டாக்டர் கத்தியை எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? எங்க தாத்தா பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்தவர். 1974-ல் அவருக்குப் புடவையின் உடல் மட்டும் தெரிந்தது, இரண்டு கரையும் தெரியவில்லை. "ரெண்டு பக்கமும் யாரோ திரை போட்ட மாதிரி இருந்துச்சுடா" என்பார். கோர்வைப் புடவை நெய்கிறவருக்குக் கரை தெரியாவிட்டால் என்ன ஆகும்? இழை பிசகியது, கூலி பிடித்தார்கள். "ஜரிகையையே பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு" என்று பாட்டி அழுதார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. கடைசியில் ஒரு கண் டாக்டர், தாத்தாவை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரலை நீட்டி "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. கோளாறு கண்ணில் இல்லை! இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் குறுக்காகச் சேரும் இடத்துக்குக் கீழே பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்து நரம்பை மேலே தள்ளினால் முதலில் போவது பக்கப் பார்வைதான்.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. செய்தது யார் என்று தாத்தாவுக்கு இன்றுவரை தெரியாது. பச்சை உடுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்களாம். ஆறு மாதத்தில் வலது கரை நன்றாகத் தெரிந்தது. இடது கரை கடைசிவரை மங்கல்தான். அந்தப் பக்கத்துக்கு அத்தையை உட்கார வைத்துக்கொண்டு மறுபடியும் தறியில் இறங்கினார். அப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்தக் கூலியில்.

இங்கே நம்ம ஜாதிக்காரர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாதி என்றால் டிப்ளமோ ஜாதி! சி.டி. ஸ்கேன் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர். லண்டனில் ஃபாரடே ஹவுஸ் என்ற எலக்ட்ரிகல் கல்லூரியில் டிப்ளமோ படித்துவிட்டு, இ.எம்.ஐ. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1971 அக்டோபர் 1 அன்று அவருடைய மெஷினில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 80-க்கு 80 கட்டம், அவ்வளவுதான். நம்ம ஊர் புட்டா டிசைன் போடும் கிராஃப் தாள் இதைவிடப் பெரிசு. ஆனால் அந்தக் கட்டத்தில் கட்டி தெரிந்தது. 1979-ல் மருத்துவ நோபல் பரிசு பாதி அவருக்கு. லேட்டரல் என்ட்ரி கிடைக்கவில்லை என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கும் தேர்டு இயர் அண்ணன்கள் கவனிக்கவும்.

ராமமூர்த்தி 1970-களில் சென்னையில் நரம்பியல் கழகத்தை உருவாக்கினார். அரசுப் பணி முடிந்ததும் மாலை, பொன்னாடையோடு வீட்டுக்குப் போகவில்லை. அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏ. லட்சுமிபதி பெயரில் நரம்பு அறுவை சிகிச்சை மையத்தை ஏற்படுத்தி, அங்கே வேலையைத் தொடர்ந்தார். 2003-ல் காலமானார்.

அவரோடு வேலை பார்த்தவர்களில் டாக்டர் டி.எஸ். கனகாவும் ஒருவர். 1968-ல் மூளை அறுவை சிகிச்சையில் பட்டம் பெற்றவர். ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். 1990-ல் ஓய்வு பெற்ற பிறகு, சொந்தப் பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் தன் அப்பா அம்மா பெயரில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவ அமைப்பை நடத்தினார். 2018-ல் மறைந்தார். நம்ம ஊரிலிருந்து செங்கல்பட்டு வழியாகப் பீச் போகிற ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்தடுத்து வருமே, அதே குரோம்பேட்டைதான்.