உலைக்கு முன் ஒரு பிடி

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஊர் நெருங்கிவிட்டதைச் சொல்வது மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோயில் கோபுரம்தான். 192 அடி. தேரி மணலுக்கும் பனங்காட்டுக்கும் மேலே வெகுதூரத்திலேயே தெரியும். கனடாவில் குடியேறி வெகுகாலம் கழித்து இந்த முறை போனபோதும் கோபுரம் அப்படியேதான் நின்றது. பனைகள் குறைந்திருந்தன, பனையேறிகள் அதைவிடக் குறைந்திருந்தார்கள். எங்கள் சின்ன ஊர்க் கோயிலில் கிரானைட் தரை, ஏசி, துபாயிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுகள். ஒரு மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருந்தது!

பெரியம்மா வீட்டு அடுப்படிக்குக் கேஸ் வந்திருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் மூடி நசுங்கிய பழைய பால்பவுடர் டின். அரிசியை அளந்து, களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி அதில் போடுகிறார். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். காய்ச்சலில் படுத்தால் பேத்தியைப் போடச் சொல்கிறார். ரேஷன் அரிசியை நம்பியிருந்த நாளிலும் டின் காயவில்லையாம்.

"ராத்திரி மிஞ்சுற சோத்த யாருக்காவது குடுத்தா ஆகாதா பெரியம்மா?" என்று சீண்டினேன்.

"உலையில போடுறதுக்கு முன்னாடி எடுத்தாத்தாம்ல காணிக்கை. பொங்குன பெறவு எடுத்தா அது மிச்சம்."

அன்றைக்குப் பக்தி பொங்குகிறதா என்று பார்த்துச் செய்கிற காரியமில்லை இது. முடிவு என்றைக்கோ எடுத்தாயிற்று. கை தினமும் அதைச் செய்கிறது. நற்செய்திக் கூட்டங்களில் அழுது ஒப்புக்கொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகும் நிற்பது இந்த மாதிரிப் பழக்கம்தான்.

ஒரு பிடி என்ன பெரிது என்பவர்கள் பக்கத்து வெள்ளாளன்விளையை நினைத்துப் பார்க்கலாம். 1874இல் அங்கே பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர். நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்கவில்லை. பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த திருநெல்வேலிச் சபைகளே அந்தச் செலவைத் தாங்கின. 1912இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இதனால் எங்கள் ஊரார் எல்லாரும் புனிதர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அரிசி அள்ளிப் போட்ட அதே கை, சபைத் தேர்தல் வந்தால் சாதி பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறது. அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண் எடுப்பது, கொடுப்பது என்றால் கணக்கு வேறு. அடுப்படியில் இருக்கிற கண்டிப்பு கல்யாணப் பேச்சில் காணாமல் போகிறது. இதைக் கேட்டால் பெரியம்மாவே பேச்சை மாற்றிவிடுகிறார்.

வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கல்வெட்டுக்குப் பணம் அனுப்புமுன், பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடப்பவர் யார், எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் பாக்கி என்று விசாரியுங்கள். சம்பளம் வந்த அன்றே, வீட்டுக்கடன் தவணைக்கும் முன்னால், அதற்கென்று ஒரு தொகையை எடுத்து வையுங்கள். பெயர் போடக்கூடாது என்று போதகர் ஐயரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.