சின்ன மீனும் பெரிய மீனும்

மீன்கொடி பறந்த மதுரையில், எங்கள் வீட்டிலும் ஒரு மீன்தொட்டி உண்டு. நானும் தங்கையும் அதில் மூன்று 'ஜீப்ரா' மீன்களையும் மூன்று 'மிஸ் கேரளா' குஞ்சுகளையும் விட்டோம். முதல் வகை 4 செ.மீ. அளவே இருக்கும், மற்றது 15 செ.மீ. வரை வளரும் என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. பெரியவை வளர வளர, இரையை முந்தித் தின்றன. சின்னவை மூலையில் ஒதுங்கின. ஒருநாள் காலை ஒன்று செத்து மிதந்தது. எங்கள் இருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

கூட்டமாக வாழும் மீனுக்குத் தன் இனத்திலேயே ஆறாவது வேண்டும் என்றார் மாமா. பெரியவற்றை அவர் வீட்டுப் பெரிய தொட்டியில் அவற்றின் இனத்தோடு சேர்த்தோம். இரண்டாய் நின்ற சின்னவற்றுக்கு நான்கு துணை வாங்கினோம். சில நாட்களில் ஆறும் அணிவகுத்து நீந்தின!

ஒரே தொட்டியில் விட்டால் மட்டும் உறவு வந்துவிடாது. இதை ஒரு சிற்றுயிரை இழந்த பிறகே அறிந்தோம்.