முட்டுக்கால்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிரவுண்டு மனையில் வீட்டைக் கட்டி முடித்த களைப்பில், மதில் எழுப்பும் சக்தி உடம்புக்கும் இல்லாமல் பணப்பெட்டிக்கும் இல்லாமற் போகவே, கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிடுவதென்று தீர்மானித்தேன்.

மனை 40 அடிக்கு 60 அடி, சுற்றளவு 200. வாசற்கதவுக்கென்று 10 அடியைத் தள்ளினால் மிச்சம் 190. எட்டடிக்கு ஒரு கல் வீதம் வகுத்தால் 24 இடைவெளி. இடைவெளியைக் காட்டிலும் கல் ஒன்று கூடுதலாக வேண்டும் என்ற சூட்சுமத்தைப் பள்ளிப் பருவத்திலேயே, அதுவும் வாத்தியாருடைய பிரம்பின் உபகாரத்தால், கற்றுக்கொண்டிருந்தபடியால், 25 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்து, அந்தக் காகிதத்தைச் சற்றுப் பெருமிதத்துடனேயே மேஸ்திரியிடம் நீட்டினேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. மடியிலிருந்த சணல் கயிற்றை எடுத்து மூலை முளையில் கட்டி, மனையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மூலைக்கு மூலை கல்லு விழணுமில்லீங்களா, ஐயா?"

அறுபதடிப் பக்கம் எட்டில் அடங்காது. ஏழரை அடி வீதம் எட்டு இடைவெளிகளாகத்தான் பிரியும். அப்படி இரண்டு பக்கம், பின்புறம் ஐந்து, முன்புறத்தில் கதவுக்கு இப்பால் இரண்டு, அப்பால் இரண்டு, ஆக இடைவெளி 25, கல் 26. என் கணிதம் மனையை ஒரே நேர்கோடாக நீட்டிப் பார்த்தது. அவருடைய கயிறோ மூலைதோறும் திரும்பிற்று.

ஒரு கல்தானே என்று சமாதானம் அடைவதற்குள், "முட்டு போட்டீங்களா?" என்றார். கம்பியை முறுக்கி இழுக்கும்போது வரிசையின் நடுவிலுள்ள கல் இருபுறமும் சமமாக இழுபடுவதால் நிலைத்து நிற்கிறது. மூலைக்கல்லையோ இரண்டு வரிசைக் கம்பிகளும் உள்நோக்கியே இழுப்பதால், மழையில் மண் நெகிழ்ந்ததும் அது சாயத் தொடங்கிவிடும். ஆகையால் மூலைக்கு இரண்டு, கதவருகே பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் பத்து முட்டுக்கால். என்னுடைய 25 இவ்வாறு 36 ஆயிற்று.

ஐந்து வரிசைக் கம்பிக்கு 950 அடி என்று நான் கண்டிருந்தேன். கடையிலோ கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்னும் விபரீத சாஸ்திரமும் அங்கேதான் எனக்குப் போதிக்கப்பட்டது. 14 கேஜ் வாங்கினால் கிலோவுக்கு நீளம் அதிகம். துரு தின்று தீர்ப்பதும் அதற்கேற்பச் சீக்கிரம். 12 கேஜே வாங்கினேன்.

ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போய்விடுகிறது. 52 அடிக் கருங்கல்லை, ஒருவரும் கண்ணால் பாராதபடி புதைப்பதற்கென்றே விலை கொடுத்து வாங்குகிறோமே என்ற நினைப்பு சில இரவுகள் என்னை வருத்தியது. குழி தோண்டும் கூலி, வண்டிக்கூலி, இறக்குக்கூலி முதலியவை வேறு, கல்லின் விலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தன.

கற்கள் வந்திறங்கிய அன்று, ஒன்று கைதவறி விழுந்து, ஐந்தடியும் இரண்டடியுமாக உடைந்தது. என் முகம் போன போக்கைக் கண்ட மேஸ்திரி, பெரிய துண்டைக் காலால் ஒதுக்கி, "இது முட்டுக்கு ஆச்சு" என்றார். சிறியதை அவரே சுமந்துபோய்க் கிணற்றடியில் போட்டார். இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் நான் கால் கழுவுகிறேன்.